நாற்காலியில் என்னவோ குத்துகிறது

அண்ணிக்கு அந்த மேசையின் மேல் தீராத கோபம்.

ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுக்கிற அறையில் நீட்டமாக ஒன்று கிடக்கிறதே, அந்த மேசையைத்தான் சொல்கிறேன். "அதுக்குப் பேர் படுக்கையா? வெறும் பலகை. ரெண்டு விரல் கனத்துக்கு ஃபோம் வச்சா யார் குடி முழுகிடும்?" என்று வாரம் முழுக்க வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். சோபா ரிப்பேர் செய்தே காலம் தள்ளியவளைக் கட்டாந்தரை போன்ற மேசையில் படுக்கச் சொன்னால் வேறென்ன கேட்பாள்?

சென்ற முறை அந்த மேசையில் அவள் முதுகு பட்டதுதான் தாமதம், "ஐயோ" என்று அலறிவிட்டாள். அசையாமல் படுத்தால்தான் கதிர்வீச்சு, அதாவது எல்லோரும் சொல்கிற 'கரன்ட்', வைக்க முடியும். அவளால் மூச்சை அடக்கிக்கூடப் படுக்க முடியவில்லை. "இன்னொரு நாள் பாப்போம்மா" என்று அன்போடுதான் திருப்பி அனுப்பினார்கள். அந்த இன்னொரு நாள் இன்று விடிந்துவிட்டது.

குட்டி விடிந்ததிலிருந்தே ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். குட்டி என்பது அண்ணியின் நாத்தனார். தலையில் பாதி நரைத்துவிட்டது, மூக்கில் கண்ணாடி ஏறிவிட்டது, இருந்தாலும் வீட்டில் அவள் பெயர் குட்டிதான். கீழே பட்டறை, மேலே வீடு. அண்ணி ஸ்பிரிங்கும் நாடாவும் பார்ப்பாள். குட்டி உறை தைப்பாள். அண்ணன் வேனில் சோபாக்களை ஏற்றி இறக்குவார். மூன்று பேரில் யார் முதலாளி என்று கேட்டால் அண்ணனே அண்ணியைத்தான் காட்டுவார்.

குடலில் வந்த கட்டியை எடுத்து, மருந்தும் ஏற்றி முடித்து, "அப்பாடா" என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகுதான் அண்ணிக்கு இடுப்பு வலி வந்தது. வேறு குடும்பமாக இருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இது நாற்காலிக் குடும்பம் இல்லையா? நாற்காலியின் மேல் பழியைப் போட்டார்கள். ஃபோமை மாற்றினார்கள். சாய்மானத்தைப் பின்னால் தள்ளினார்கள். குட்டி ஜிப் வைத்த புது மெத்தை தைத்தாள். அண்ணன் நாற்காலிக் காலைக் கொஞ்சம் அறுத்தார், பிறகு அறுத்ததற்கு அடியில் கட்டை வைத்தார். ஊரில் இல்லாத நாற்காலி ஒன்று உருவானதே தவிர வலி குறைந்தபாடில்லை. கடைசியில் ஸ்கேன்தான் உண்மையைச் சொன்னது. குடலில் இருந்த வியாதி இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்திருந்தது.

"பெருங்குடல்ல வர்ற கேன்சர் எலும்புக்குப் போறது கொஞ்சம் அபூர்வம்தான்" என்றாள் பெரிய டாக்டரம்மா. "முழுசா போயிடும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா கரன்ட் வச்சா வலி குறையும். எலும்பு முறியாம காப்பாத்தலாம். நீங்க உங்க கால்ல நடக்கலாம்."

"கால்ல நடந்தா போதும்" என்றாள் அண்ணி. அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகள், எல்லோருக்கும் பாப்பா, இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அவளிடம் இதுவரை சொன்னதெல்லாம் "இடுப்புப் பிடிப்பு" மட்டுமே. "போன்ல சொன்னா அவ அங்க தனியா உக்காந்து அழுவா. நேர்ல வரட்டும். நான் எழுந்து போய்க் கதவைத் திறக்கணும். அதுக்கப்புறம் சொல்றேன்" என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றாள். அந்த ஒற்றைக் காலே நிற்க முடியாமல் தவிப்பதுதான் பிரச்சினை. இன்றும் மேசையில் படுக்க முடியாவிட்டால் அடுத்து எப்போது நேரம் கிடைக்குமோ, அதுவரை எலும்பு தாங்குமோ, யாருக்கும் தெரியாது.

மாடிப்படி ஏற முடியாததால் அண்ணிக்கு இப்போதெல்லாம் கீழே பட்டறையிலேயே வாசம்; அதன் பின்பக்கம் குளிக்கப் போயிருந்தாள். கதவுக்கு வெளியே அண்ணன் துண்டோடு காவல். செருப்பு வாரை மாட்டுவதற்காகக் குட்டி அந்த அதிசய நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஸ்ஸ்!"

என்னவோ குத்தியது. ஊசியை எங்காவது விட்டுவிட்டேனா என்று பதறிப்போய் எழுந்தாள். தான் தைத்த மெத்தையில் தானே ஊசியை விடுவதா? ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டாள். கையோடு வந்தது ஊசி இல்லை. மாத்திரை.

அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிய மாத்திரைகள். வெட்டியது குட்டியேதான். துணிக் கத்தரியை அதற்குத் தொட்டால் அண்ணி எள்ளும் கொள்ளுமாய் வெடிப்பாள் என்பதால், மழுங்கிய பழைய கத்தரியால் கோணல்மாணலாக வெட்டியது. அட்டையின் கூரான மூலைதான் குத்தியிருக்கிறது. மார்ஃபின் மாத்திரை. வலிக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது.

குட்டி மாத்திரையை அட்டையோடு கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவாள். பிரித்துக் கொடுத்தால் "நான் என்ன கைக்குழந்தையா?" என்று அண்ணிக்குப் பொத்துக்கொண்டு வரும். திரும்பி வருவதற்குள் அண்ணி வாயைத் துடைத்துக்கொண்டிருப்பாள். விழுங்கிவிட்டதாகத்தான் குட்டி இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அவளுக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. உடனே அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது. இந்த மனுஷி வேண்டுமென்றே வலியைத் தின்றுகொண்டிருக்கிறாளா? வாழ்க்கை வெறுத்துவிட்டதா? மெத்தையை ஒரு உதறு உதறி, விழுந்ததையெல்லாம் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தபோது குட்டியின் முகம் சுண்டிப் போயிருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல. வண்டிக்குப் போலாம்."

வேனில் அண்ணிக்கு நடு இருக்கையைப் படுக்கையாக்கியிருந்தார் அண்ணன். வழக்கமான வழியில் போகாமல் வண்டி எங்கெங்கோ சுற்றியது. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், கிடங்குகள் இருக்கும் நீளமான தெரு, ரயில் பாதையை ஒட்டிய சாலை.

"ஏங்க, ஊரைச் சுத்திக் காட்டுறீங்களா?" என்றாள் அண்ணி.

"இந்த வழியில வேகத்தடை கிடையாது. குழியும் கிடையாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் கண்ணாடியைப் பார்க்காமல் சாலையையே பார்த்தார். "நேத்து காலி வண்டியில வந்து பாத்துட்டுப் போனேன்."

குட்டிக்குக் கண் கலங்கியது. அண்ணன் அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் ஸ்டீயரிங்கிலேயே பேசிவிடுவார் போலிருக்கிறது.

ஆனால் மாத்திரை விஷயம் குட்டியை அரித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி வாசல் தெரிந்ததும் அதற்கு மேல் தாங்கவில்லை. கைப்பையைத் திறந்து மாத்திரைகளை அண்ணியின் மடியில் கொட்டினாள்.

"இது என்ன அண்ணி?"

அண்ணி கையும் களவுமாக மாட்டிக்கொண்ட பூனையைப் போல விழித்தாள். "எங்க கிடைச்சது?"

"உங்க நாற்காலியிலதான். உக்காந்தேன், குத்திச்சு."

"நான் மெத்தைத் துணியோட சாயம்கூட ஒட்டாம பத்திரமா வச்சிருந்தேனே!"

"பேச்சை மாத்தாதீங்க. தினமும் போடறதில்லையா?"

"தினமும் போடறேன், குட்டி. சத்தியமா. இங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் போடறதில்லை."

"ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னிக்கு மட்டுமா? ஏன்?"

வண்டி நின்றுவிட்டது. அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அண்ணி சட்டையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். பட்டறையில் எவ்வளவு பெரிய வாடிக்கையாளரையும் ஒரு வார்த்தையில் மடக்குபவள், இப்போது வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினாள்.

"முதல் தடவை வந்தப்ப டாக்டரம்மா கேட்டாங்கல்ல, 'ஒரே விரலால வலிக்கிற இடத்தைக் காட்டுங்க'ன்னு? எனக்குக் காட்டத் தெரியலை. மருந்துக் கடையில வாங்கின வலி மாத்திரையைப் போட்டு எல்லாம் மழமழன்னு இருந்துச்சு. இங்கயா, அங்கயான்னு கையை அலையவிட்டேன். எனக்கு அவமானமா போச்சு. எத்தனை சோபா பாத்திருப்பேன்! உக்காந்த உடனே எந்த ஸ்பிரிங் போச்சுன்னு சொல்லுவேன். என் உடம்புல எதுன்னு சொல்லத் தெரியலைன்னா?"

"அதுக்கு?"

"அதுக்குத்தான். உடைஞ்ச ஸ்பிரிங் மேல போர்வையை மடிச்சுப் போட்டு மூடிக்கிட்டு வருவாங்க பாரு, நான் என்ன சொல்லுவேன்? போர்வையை எடு, குத்தினாதான் இடம் தெரியும்னு சொல்லுவேனா இல்லையா? இந்த மாத்திரையும் அந்தப் போர்வை மாதிரிதானே. நான் தப்பா காட்டி, அவங்க தப்பான இடத்துல கரன்ட் வச்சுட்டா?"

குட்டி வாயைப் பிளந்தாள். வாழ்க்கை வெறுக்கவில்லை. தொழில் புத்திதான். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது.

"உங்களை என்ன பண்றது! நீங்க சோபா இல்ல அண்ணி!"

"அது எனக்குத் தெரியாதாக்கும்."

"அன்னிக்கு அந்த மேசையில அவ்வளவு அலறினது, மாத்திரை போடாம வந்து படுத்ததாலயா?"

"அது பலகையாலதான்" என்றாள் அண்ணி, குரலில் பிடி இல்லாமல். "பலகையாலயும்தான்."

இன்றும் அவள் மாத்திரை போடவில்லை என்பதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. மடியில் கிடந்ததில் ஒன்று, காலையில் குட்டி வெட்டிக் கொடுத்தது.

கதிர்வீச்சுப் பகுதி ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. அங்கே இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன் மீன் படம் போட்ட தொப்பி வைத்திருப்பார். குட்டி மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் மீன்தொப்பி. சக்கர நாற்காலியைப் பார்த்ததும் அவரே எழுந்து வந்தார்.

"வாங்கம்மா. இன்னிக்கு முடிச்சிடுவோமா? வலி மாத்திரை போட்டுட்டுத்தானே வந்தீங்க?"

அண்ணி கூரையைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். குட்டிதான் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். ஸ்பிரிங், போர்வை, ஒற்றை விரல், ஒன்று பாக்கியில்லை. மீன்தொப்பி சிரித்துவிடுவார், அண்ணி கூனிக் குறுகிப் போவாள் என்று சொல்லச் சொல்லவே குட்டிக்கு உறைத்தது. ஆனால் மனுஷன் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தன் மேசைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், திரையில் ஒரு படத்தை வரவழைத்தார்.

"இதைப் பாருங்கம்மா. இதுதான் உங்க இடுப்பு. எலும்பு வெள்ளையா தெரியுதா? இப்ப இந்த இடத்தைப் பாருங்க."

அண்ணி கழுத்தை நீட்டினாள். வெள்ளைக்கு நடுவே ஓரிடத்தில் ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"பூச்சி அரிச்ச கட்டை மாதிரி இருக்கு" என்றாள் மெதுவாக.

"ஆமாம்மா. அந்த மாதிரிதான்."

"அப்ப ஸ்பிரிங் இல்ல. மரச்சட்டம்." அண்ணியின் குரல் மாறிவிட்டது. பட்டறையில் புது வேலை வந்தால் வரும் குரல் அது. "சட்டம் போனா உக்காந்து பாத்தாலும் இடம் தெரியாது தம்பி. எங்கெங்கயோ வலிக்கற மாதிரி, மொத்த சோபாவும் ஆடும். பிரிச்சுத்தான் பாக்கணும்."

"நாங்க பிரிக்காமலே பாத்துட்டோம்." அவர் திரையில் விரலை வைத்தார். "டாக்டர் விரலால காட்டச் சொன்னது ஆரம்பத்துல, எந்தப் பக்கம் ஸ்கேன் எடுக்கறதுன்னு தெரிஞ்சுக்க. இப்ப இடம் எங்களுக்குத் தெரியும். உங்க இடுப்புல சின்னச் சின்னதா புள்ளி வச்சிருக்கேன்ல, அதை வச்சுத்தான் மெஷின் குறி பாக்கும். வலியைக் காட்டறது உங்க வேலை இல்லம்மா. அசையாம படுக்கறதுதான் உங்க வேலை. அதுக்கு மாத்திரை வேணும்."

அண்ணி வெகுநேரம் படத்தையே பார்த்தாள். தன் எலும்பின் ஓட்டையைத் தானே பார்ப்பது லேசான காரியமா? பிறகு கையை நீட்டினாள்.

"குடு குட்டி. தண்ணியும் குடு."

இந்த முறை குட்டி தண்ணீரை முன்பே எடுத்து வைத்திருந்தாள். அண்ணி விழுங்கும் வரை கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாயைத் திறங்க" என்று சொல்லாததுதான் பாக்கி.

ஆனால் மாத்திரை வேலை செய்ய நேரம் ஆகுமே. மீன்தொப்பி கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்தது உங்க முறைதான். விட்டா நாள் பூரா வரிசையா ஆள் இருக்காங்க..." என்று இழுத்தார்.

குட்டிக்கு உயிரே போய்விட்டது. இவ்வளவு தூரம் வந்து, வாசல் வரை வந்து திரும்புவதா?

அப்போது மூலையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து கரகரத்த குரல் ஒன்று வந்தது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய பெரியவர். கதிர் பட்டுத் தொண்டை புண்ணாகியிருந்ததால் ஒவ்வொரு வார்த்தையையும் அவர் தேய்த்துத்தான் வெளியே தள்ளினார்.

"என்னோடது... நாலு பேருக்கு அப்புறம். நான் இப்ப போயிடறேன். அந்தம்மா என் நேரத்துக்கு வரட்டும்."

"உங்க மகன் வண்டியோட சாயங்காலம்தானே வர்றார் சார்? சீக்கிரம் முடிஞ்சா இங்கயே உக்காந்திருக்கணுமே" என்றார் மீன்தொப்பி.

"உக்காந்திருக்கேன்." பெரியவர் செய்தித்தாளை மடித்தார். "படிக்கறதுக்கு நிறைய பாக்கி இருக்கு."

அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தைக்கும் தொண்டையில் பட்ட வலி குட்டிக்குத் தெரிந்தது. இரண்டு கைகளையும் குவித்தாள். அவர் போகிற போக்கில், விடும்மா என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மாத்திரை வேலை செய்வதற்காகக் காத்திருந்தார்கள். அண்ணன் டீ வாங்கப் போனார். பெஞ்சில் நாத்தனாரும் அண்ணியும் மட்டும். பட்டறையில் ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு "ஓரம் கோணல்", "ஸ்பிரிங் தூக்கல்" என்று நாள் முழுக்கச் சண்டை போடுகிறவர்கள், இங்கே சண்டைக்கு விஷயம் இல்லாமல் அநாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணி."

"ம்."

"நான் பெட்டியோட வந்து நின்னேனே, அந்த வருஷம்... நீங்க உங்க வேலை மேசையை ஜன்னல்கிட்ட இருந்து நகர்த்தி, அங்க எனக்குத் தையல் மெஷினைப் போட்டீங்க."

கல்யாண வாழ்க்கை முறிந்து, திரும்பிப் போக இடமில்லாமல் குட்டி வந்த நாள் அது. அண்ணி ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தர தரவென்று மேசையை இழுத்தாள். 'வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு, இங்க உக்காரு' என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அண்ணி இருட்டு மூலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறாள்.

"அதுக்கு என்ன இப்போ?" என்றாள் அண்ணி.

"நான் அதுக்கு ஒண்ணும் சொன்னதே இல்ல. நன்றின்னு ஒரு வார்த்தைகூட."

"வெளிச்சம் இல்லாத இடத்துல உன்னை உக்கார வச்சிருந்தா, நீ கோணலா தைச்சு என் பேரைக் கெடுத்திருப்பே. அதுக்காகத்தான் நகர்த்தினேன்."

"வெளிச்சத்துலயும் கோணல்னுதானே சொல்றீங்க?"

"பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்குல்ல?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அண்ணி தன் கையைக் குட்டியின் கை மேல் வைத்தாள். ஊசியும் கம்பியும் பட்டுக் காய்த்துப்போன கை. "நீ இல்லேன்னா நான் இந்த வருஷத்தைத் தாண்டியிருக்கமாட்டேன். அதை நானும் சொன்னதில்ல" என்றாள். பிறகு உடனே, "சரி சரி, மூக்கை உறிஞ்சாதே. எல்லாரும் பாக்கறாங்க" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

குட்டிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷச் சண்டைக்கும் சேர்த்து வட்டியோடு வாங்கிவிட்டதுபோல் இருந்தது.

கதவு திறந்தது. கழுத்தில் துணி கட்டிய பெரியவர் வெளியே வந்து, பழைய மூலையில் பழைய செய்தித்தாளை விரித்தார். நடுவில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய் வந்த பிறகு அண்ணியின் முறை.

அறைக்குள் யாரும் கூடப் போகக் கூடாது. வெளியே ஒரு சின்னத் திரையில் உள்ளே நடப்பது தெரியும். குட்டியும் அண்ணனும் அதன் முன்னால் நின்றார்கள். முழங்காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, மீன்தொப்பியும் இன்னொரு பெண்ணும் அண்ணியை மெதுவாகப் படுக்க வைத்தார்கள். முதுகு பலகையில் பட்டது.

குட்டி கண்ணை மூடிக்கொண்டாள். அலறல் வரும் என்று காது காத்திருந்தது.

வரவில்லை.

"படுத்துட்டா" என்றார் அண்ணன். "குட்டி, கண்ணைத் திற. படுத்துட்டா பாரு."

திரையில் அண்ணி நேராகப் படுத்திருந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் நேராகப் படுத்து இன்றுதான் பார்க்கிறார்கள். மீன்தொப்பி வெளியே வந்து கனமான கதவைச் சாத்தினார். இயந்திரம் அவளைச் சுற்றி மெல்ல நகர்ந்தது, நின்றது, ரீங்காரம் போட்டது. அண்ணி சுண்டுவிரலைக்கூட அசைக்கவில்லை. வாடிக்கையாளர் வீட்டுச் சோபாவுக்குக் கொடுக்கிற அதே கவனத்தைத் தன் உடம்புக்கும் கொடுத்துவிட்டாள்.

அண்ணன் திரையைத் தொட்டார். அழுக்காகிவிடும் என்று யாரும் தடுக்கவில்லை.

வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அண்ணியின் முகம் வியர்த்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. "பலகைதான்" என்று தீர்ப்பு சொன்னாள். "ஆனா நல்ல பலகை. ஆடலை."

மீன்தொப்பி இப்போது சிரித்தார். "ஒரு தடவை வச்சாலே போதும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நாளைக்கு, மறுநாள் வலி கொஞ்சம் கூடினாலும் பயப்படாதீங்கம்மா. அப்புறம் வாரம் போகப் போகக் குறையும். அது வரைக்கும் மாத்திரையை..."

"போர்வையை எடுக்கமாட்டேன் தம்பி. போதுமா?" என்றாள் அண்ணி. போகும்போது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நாற்காலியில வலது பக்கம் ஸ்பிரிங் இறங்கியிருக்கு. கீ கீங்குது. நாங்க வந்து எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணித் தர்றோம். வேண்டாம்னு சொல்லக் கூடாது" என்றாள்.

திரும்பும்போதும் அண்ணன் அதே சுற்றுவழியில்தான் வந்தார். மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. அண்ணி வழி நெடுகப் பேசினாள். பெரியவர் கழுத்துத் துணியின் தையல் சரியில்லை, மெல்லிய பருத்தியில் இரண்டு தைத்து அனுப்ப வேண்டும் என்று குட்டிக்கு உத்தரவு போட்டாள். பெருமூச்சு விட்டுவிட்டு, "எவ்வளவு பேர் குட்டி, எவ்வளவு பேர் தாங்கிப் பிடிக்கறாங்க" என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் அண்ணனின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் பட்டறை முன்னால் நின்றது. கதவு லேசாகத் திறந்திருந்தது.

"பூட்டலையா நீ?" என்றார் அண்ணன் குட்டியிடம்.

"பூட்டினேனே!"

குட்டி இறங்கி எட்டிப் பார்த்தாள். வாசலுக்கு உள்ளே ஒரு பெட்டி. இரண்டு நாள் தங்கிப் போவதற்கான கைப்பெட்டி இல்லை. வீட்டையே காலி செய்துகொண்டு வந்ததுபோல் பெரிய பெட்டி, ஓரத்தில் கயிறு வேறு கட்டியிருந்தது. அந்த மாதிரிப் பெட்டியோடு ஒரு காலத்தில் இதே வாசலில் நின்றவள் குட்டி. அவளுக்குச் சுருக்கென்றது.

உள்ளே, அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியவள். மாற்றுச் சாவி அவளிடம் எப்போதும் உண்டு. தூங்காத கண்கள் சிவந்திருந்தன. விரித்த உள்ளங்கையில் கோணலாக வெட்டிய ஒரு துண்டு அட்டை. அவசரத்தில் உதறியபோது மெத்தையின் மூலையில் சிக்கி நின்றுவிட்ட மாத்திரை.

"அத்தை, இந்த நாற்காலியில என்னவோ குத்திச்சு" என்றாள். "எடுத்துப் பாத்தா இது. இது என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியும். யாருக்கு அத்தை?"

பின்னால் வேனின் கதவு நகரும் சத்தம் கேட்டது. அண்ணி இறங்குகிறாள். ஓடிப்போய்த் தாங்கினாள் குட்டி.

"விடு" என்றாள் அண்ணி தாழ்ந்த குரலில். "பக்கத்துல மட்டும் வா. பிடிக்காதே."

ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்தாள். நின்றாள். பிறகு, ஏற்கனவே திறந்திருந்த அந்தக் கதவை இன்னொரு கையால் முழுதாகத் தள்ளித் திறந்தாள். திறக்க வேண்டியவள் தானே என்பதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. மெல்ல, தன் கால்களாலேயே மகளிடம் நடந்து போனாள். அண்ணன் வாசலிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாப்பாவின் கண் அம்மாவின் நடையிலேயே இருந்தது. "அம்மா, இது இடுப்புப் பிடிப்பு இல்லதானே?"

"இல்லடா கண்ணு."

அண்ணி மகளின் விரலைப் பிடித்தாள். அந்த ஒரே விரலை எடுத்து, சட்டைக்கு மேலே, தன் இடுப்பில் மைப்புள்ளி இருக்கும் இடத்தில் தயக்கமே இல்லாமல் வைத்தாள்.

"இங்க. குடல்ல இருந்தது இங்க வந்திருக்கு. சட்டம் கொஞ்சம் அரிச்சிருக்கு. இன்னிக்கு முட்டுக்கொடுத்தாச்சு. முழுசா போகாதாம், ஆனா நடக்கலாமாம். பாத்தே இல்ல, நடந்து வந்தேன்."

பாப்பா விரலை எடுக்கவில்லை. அவள் தோள் குலுங்கியது. அழுது முடிக்கும் வரை அண்ணி நின்றுகொண்டேதான் இருந்தாள். பிறகு பாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் இருந்த பெரிய பெட்டியை ஒரு முறை பார்த்தாள்.

"அம்மா... நானும் ஒண்ணு சொல்லணும்."

குட்டி ஜன்னல் பக்கம் போய், தன் தையல் மெஷினைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி, அந்த வெளிச்சத்தில் இன்னொருத்திக்கு இடம் பண்ணினாள்.

"மெதுவா சொல்லு" என்றாள் அண்ணி, நாற்காலி மெத்தையை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு. "முதல்ல உக்காரு. இனிமே எதுவும் குத்தாது."